வீட்டில் இருக்கும் நோயாளியின் எடையைக் கவனிப்பது யார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பெருங்குடல் புற்றுநோய்க்காக ஐந்து மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். அதைத் தொடர்ந்து இரண்டு வாரம் வீட்டில் கேப்சைட்டபைன் மாத்திரை சாப்பிடுகிறார். எட்டுச் சுற்றுகளில் நான்கு முடிந்துள்ளன. அறுவைக்கு முன் 78 கிலோ இருந்தவர் இப்போது 71 கிலோ. உயரம் 165 செ.மீ. நீரிழிவு இல்லை. முன்பு உண்டதில் பாதிதான் உண்கிறார். மரத்தூளை மெல்வதுபோல் இருக்கிறது என்கிறார். பார்க்க வருபவர்கள், “தொப்பை கரைந்தது நல்லதுதானே” என்கிறார்கள். சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று கேள்விப்பட்டு இனிப்பு, பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருப்பதாகச் சொல்லி அடுத்த சுற்றை ஏற்றுகிறார்கள். வீட்டில் ஒவ்வொரு வேளையும் அம்மா கெஞ்சுகிறார், அப்பா கோபிக்கிறார். இது சிகிச்சையின் இயல்பான விளைவுதானா? வற்புறுத்தி ஊட்டலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

புற்றுநோய் சிகிச்சையின்போது எடை குறைவது பலருக்கும் நேர்கிறது. பலருக்கும் நேர்வதாலேயே அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக நோயாளிகளும் குடும்பத்தினரும், சில வேளைகளில் மருத்துவக் குழுவினரும்கூட, எடுத்துக்கொள்கிறார்கள். வலியும்தான் பலருக்கு வருகிறது. அதற்காக நாம் வலிக்கு மருந்து கொடுக்காமல் இருப்பதில்லை. உங்கள் அப்பாவுக்கு இப்போது இருப்பது ஊட்டச்சத்துக் குறைபாடு. அதற்குச் சிகிச்சை உண்டு. அது ஐந்தாவது சுற்றுக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும் என்பது நீங்கள் எழுதியவற்றைப் படித்த அளவில் என் கருத்து.

அப்படிச் சொல்வதற்கான காரணம் உங்கள் கடிதத்தில் உள்ள எண்களிலேயே இருக்கிறது. பல நாடுகளின் ஊட்டச்சத்து மருத்துவ அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 2019இல் வெளியிட்ட ‘கிளிம்’ அளவுகோலின்படி, ஆறு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, அதோடு உணவின் அளவும் ஒரு வாரத்துக்கு மேலாகப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தால், அது ஊட்டச்சத்துக் குறைபாடு. 78 கிலோவில் 5 விழுக்காடு என்பது 3.9 கிலோ. அதாவது, உங்கள் அப்பா 74 கிலோவுக்குக் கீழே இறங்கியபோதே அந்தக் கோட்டைக் கடந்துவிட்டார். இன்று அவர் இழந்திருப்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. ஆறு மாதத்துக்குள் 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் அதே அளவுகோல் அதனைக் கடுமையான குறைபாடு என வகைப்படுத்துகிறது. 71இலிருந்து 70க்கு வந்தால் அந்த எல்லையும் கடந்துபோகும். ஒரேயொரு கிலோதான் இடையில் இருக்கிறது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இவ்வளவு இழந்தும் எவர் கண்ணிலும் அது படவில்லை என்பதற்கு அவருடைய முந்தைய உடல்வாகுதான் காரணம். உயரத்துக்கு ஏற்ற எடையா என்பதைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) அறுவைக்கு முன் அவருக்கு 28.7, இப்போது 26. இன்னமும் ‘சற்றே பருமன்’ என்ற வரிசையில்தான் அவர் நிற்கிறார். ஒல்லியான ஒருவர் ஏழு கிலோ இழந்திருந்தால் வாசலில் நுழையும்போதே எல்லாரும் பதறியிருப்பார்கள். உங்கள் அப்பாவைப் பார்த்து வாழ்த்துகிறார்கள். நோயோடு சேர்ந்து வரும் எடைக்குறைவில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் சேர்ந்து கரைகிறது. பருமனான உடலுக்குள் தசை கரைவது வெளியே தெரியாது என்பதால், ஒல்லியானவர்களைவிட இவர்களுடைய நிலை சில வேளைகளில் மோசமாகிவிடுகிறது. நான் இந்தப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், நல்ல வாட்டசாட்டமான ஒருவரைத் தோற்றத்தை மட்டும் பார்த்து ‘இவருக்கு இப்போதைக்கு ஊட்டச்சத்துச் சிகிச்சை தேவையில்லை’ என்று அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தேன். அடுத்த முறை அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு மகனின் தோளைப் பற்றிக்கொண்டார். அன்றிலிருந்து தோற்றத்தை வைத்து நான் எவரையும் மதிப்பிடுவதில்லை.

நீங்கள் வீட்டிலேயே பார்த்து அறியக்கூடியவை உண்டு. நெற்றியின் இருபுறமும் குழி விழுந்திருக்கிறதா, தோளின் வட்டம் போய் எலும்பின் முனை தெரிகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். கால் வீங்கியிருந்தாலோ வயிறு நீர் கோத்து உப்பியிருந்தாலோ எடைக்கருவி காட்டும் எண்ணை நம்பக்கூடாது. நீரின் எடை தசையின் இழப்பை மறைத்துவிடும்.

இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாகச் சொன்னதைப் பற்றியும் விளக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பார்க்கப்படும் பரிசோதனைகள், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதுமா, சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தைத் தாங்குமா என்பதை அறிவதற்கானவை. தசை கரைவதை அவை காட்டுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், சிறுநீரகத்தின் இயக்கத்தை அறியப் பார்க்கப்படும் கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அதுவும் குறைந்து, சிறுநீரகம் முன்னைவிட நன்றாக இயங்குவதுபோன்ற தோற்றத்தைத் தரக்கூடும். இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவை ஊட்டச்சத்தின் அடையாளமாகப் பலர் கருதுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் உடலில் உள்ள அழற்சியைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. ஆகவே, முடிவுகள் சரி என்று மருத்துவர் சொன்னது பொய்யன்று. நீங்கள் கவலைப்படும் விஷயம் அந்தத் தாளில் இல்லை, அவ்வளவே.

அந்தத் தாளில் இல்லாததை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு, நியாயமோ இல்லையோ, வீட்டில் இருப்பவர்கள்மீது விழுகிறது. வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் தட்டு திரும்பி வருவதைச் செவிலியர் பார்க்கிறார். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுபவர் 21 நாட்களில் ஒரு நாள் மட்டுமே மருத்துவக் குழுவின் கண்முன் இருக்கிறார். எஞ்சிய 20 நாட்களில் அவர் என்ன உண்டார், எதை ஒதுக்கினார் என்பது உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும்தான் தெரியும். வாரத்தில் ஒரே கிழமையில், காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, ஒரே எடைக்கருவியில், ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். தினமும் பார்க்க வேண்டாம். நீரின் ஏற்ற இறக்கம் வீண் கலக்கத்தைத் தரும்.

அடுத்த சந்திப்பில், “அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை” என்று பொதுவாகச் சொன்னால், “கீமோவில் அப்படித்தான் இருக்கும்” என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். அதற்கு மாறாக, “ஐந்து மாதத்தில் 78இலிருந்து 71 ஆகிவிட்டார், ஒன்பது விழுக்காடு, உணவு பாதியாகிவிட்டது, உணவியல் நிபுணரிடம் பரிந்துரை எழுதித் தாருங்கள்” என்று சொல்லுங்கள். 1999இலிருந்து புழக்கத்தில் இருக்கும் எளிய சோதனை ஒன்றில் இரண்டே கேள்விகள்தான்: முயலாமலே எடை குறைந்ததா, எவ்வளவு; பசியின்மையால் குறைவாக உண்கிறாரா. இரண்டு மதிப்பெண் வந்தாலே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மூன்று வருகிறது. கீமோ மருந்தின் அளவு உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படுவதால், இன்றைய எடை மருத்துவருக்கு வேறொரு வகையிலும் தேவைப்படும். தசை குறைந்தவர்களுக்கு மருந்தின் பக்கவிளைவுகள் கடுமையாகின்றன என்பது பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வுகளிலும் தெரியவந்திருக்கிறது. அவ்வாறாகும்போது அளவைக் குறைக்கவோ, சுற்றைத் தள்ளிப்போடவோ நேர்கிறது. உணவைப் பற்றிப் பேசுவது சிகிச்சைக்குப் புறம்பான பேச்சு என்று தயங்காதீர்கள்.

இனி, அவர் ஏன் உண்ணவில்லை என்பது. ‘பசியில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு என்பதால் அவற்றைப் பிரித்தறிவது முக்கியம். குமட்டலா, வாய்ப்புண்ணா, நாக்கில் வெண்படலமா, மலச்சிக்கலா, வயிற்றுப்போக்கா, வலியா, இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறதா, மனச்சோர்வா என்று அமைதியான ஒரு நேரத்தில், சாப்பாட்டுத் தட்டு எதிரில் இல்லாதபோது, அவரிடம் கேளுங்கள். குமட்டலுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும்; மலம் கழியாத வயிற்றுக்குப் பசி எடுக்காது. இது மிகச் சிறிய காரணமாகத் தோன்றும். ஆனால் இதை மட்டும் சரிசெய்ததும் உண்ணத் தொடங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆக்சாலிப்ளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் கூசும். குளிர்ந்ததை விழுங்கினால் தொண்டை இறுகுவதுபோல் இருக்கும். இதை இங்கே குறிப்பிடக் காரணம், கீமோ நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இதற்கு நேர்மாறானது. உணவின் வாசனை குமட்டலைத் தூண்டாமல் இருக்கக் குளிரவைத்துக் கொடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். மற்ற மருந்துகளுக்கு அது பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு, குறைந்தது ஊசி ஏற்றிய முதல் வாரத்திலாவது, பொருந்தாது. அவர் அருந்தும் தண்ணீர், பால், பழச்சாறு யாவும் அறை வெப்பத்திலோ இளஞ்சூட்டிலோ இருக்கட்டும். தொண்டை கூசுவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் நீரிழப்பால் இன்னும் சோர்ந்து, அந்தச் சோர்வால் உணவையும் குறைத்துவிடுகிறார்கள். கேப்சைட்டபைன் மாத்திரையை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும்; எனவே காலையும் இரவும் உண்பது சிறிதளவே ஆனாலும் நேரம் தவறாமல் இருக்க வேண்டும்.

சுவையைப் பொறுத்தவரை, மரத்தூள்போல் இருக்கிறது என்று அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குபவை. நாக்கின் சுவையணுக்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. இறைச்சி கசந்தால் முட்டை, பருப்பு, பயறு என்று வேறொரு புரதத்துக்கு மாறுங்கள். வாயில் புண் இல்லையென்றால் சிறிது புளிப்பு எச்சிலைச் சுரக்கவைக்கும். உண்பதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் வாயைக் கொப்பளிப்பது உதவும். உலோகச் சுவை தெரிந்தால் உலோகக் கரண்டியை மாற்றிப் பாருங்கள். நோய்க்கு முன் பிடிக்காதிருந்த உணவு இப்போது பிடிக்கக்கூடும்; பழைய விருப்பங்களையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். நீங்கள் அன்பினால் செய்ததில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகமாக எடுத்துக்கொள்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார், அது உண்மை. ஆனால் அதிலிருந்து, சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்கும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. இரத்தத்தில் குளுக்கோஸ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதவாறு உடல் காத்துக்கொள்கிறது. உணவிலிருந்து அது வராதபோது கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள்வது தசையில் உள்ள புரதத்தை. ஆகவே போதிய உணவு இல்லாத நோயாளியிடமிருந்து பாலையும் பழத்தையும் இனிப்பையும் பறித்தால், பட்டினி கிடப்பது அவருடைய தொடையும் தோளும்தான். நீரிழிவு இல்லாத உங்கள் அப்பாவுக்கு இவற்றை இன்றே திருப்பிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்நாட்களில் தயிர் கொடுத்துப் பாருங்கள். இதேபோல், கடைகளில் எதிர்ப்புச் சக்திக்கென்று விற்கப்படும் அதிக அளவு வைட்டமின்களையும் மூலிகைப் பொடிகளையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். குறிப்பாக ஃபோலிக் அமிலம் கேப்சைட்டபைனின் பக்கவிளைவுகளைக் கூட்டக்கூடியது.

எவ்வளவு தேவை என்று கேட்பீர்கள். மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பிய அமைப்பின் வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ கலோரியும், குறைந்தது 1 கிராமும் இயன்றால் 1.5 கிராமும் புரதமும் தேவை என்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது ஏறத்தாழ 1,800 முதல் 2,100 கிலோ கலோரி. புரதம் 71 முதல் 106 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். பாதித் தட்டு உண்பவருக்கு இவ்வளவையும் கொடுப்பது எப்படி? தட்டைப் பெரிதாக்கி அன்று. தட்டில் இருப்பதன் செறிவைக் கூட்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கிலோ கலோரி தருகிறது. உணவின் அளவு கூடியதே தெரியாது. 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூளைப் பாலிலோ கஞ்சியிலோ கலக்கினால் 10 கிராம் புரதம் கூடும். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். உணவோடு சேர்த்துத் தண்ணீர் அருந்தி வயிற்றை நிரப்பாமல், இடைவேளைகளில் அருந்தட்டும். பலருக்குக் காலையில்தான் ஓரளவு பசி இருக்கும். அப்படியானால் நாளின் செறிவான உணவைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். ஊசி ஏற்றிய முதல் வாரத்தில் உணவு குறைவதும் மூன்றாவது வாரத்தில் சற்றுத் தேறுவதும் வழக்கம். தேறும் அந்த வாரத்தை வீணாக்காதீர்கள்.

இதற்குப் பின்னும் போதாவிட்டால், மருத்துவ ஊட்டச்சத்துப் பானங்களை உணவியல் நிபுணர் பரிந்துரைப்பார். அவற்றை வேளை உணவுக்குப் பதிலாக அன்றி, இடையிடையே சிறிது சிறிதாக அருந்த வேண்டும். பசியைத் தூண்டும் மருந்துகளும் உள்ளன. ஓலான்சப்பைன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2023இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கேட்பதில் தவறில்லை. உண்ட புரதம் தசையாக மாறுவதற்கு உடல் அசைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தினமும் சிறிது நடை, நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல் ஆகியவை இப்போதைக்குப் போதும்.

சில நிலைகளில் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலோ, 24 மணி நேரமாக எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தியானாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, வயிறு உப்பி மலமும் வாயுவும் வெளியேறாமல் நின்றாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனையை அழையுங்கள். வயிற்றுப்போக்கு அவ்வளவு கடுமையாக இருக்கும்போது அடுத்த வேளை கேப்சைட்டபைனைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு எவரேனும், ஐந்து நாட்களுக்கு மேலாக ஏறக்குறைய எதுவுமே உண்ணாத ஒருவரை வீட்டில் வைத்திருந்தால், பயந்துபோய் ஒரேயடியாக நிறையக் கொடுத்துவிட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் உணவு திடீரென்று சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

வற்புறுத்தி ஊட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பது. நோயும் மருந்தும் உடலில் எழுப்பும் சில புரதங்கள் மூளைத்தண்டுக்குச் சென்று பசியை அடக்குகின்றன, ஜி.டி.எஃப். 15 என்ற புரதம் அவற்றில் ஒன்று. அப்பா பிடிவாதத்தால் தட்டைத் தள்ளவில்லை. ‘உண்ணாதே’ என்று அவருடைய உடலே சொல்லிக்கொண்டிருக்கிறது. கெஞ்சலும் கண்ணீரும் அந்த அடக்கத்தின்மேல் குற்றவுணர்ச்சியையும் ஏற்றுகின்றன. பிறகு சாப்பாட்டு நேரம் வந்தாலே அவருக்குக் குமட்டும். அறுவையில் கட்டி அகற்றப்பட்டிருப்பதால், உங்கள் அப்பாவின் எடைக்குறைவு பெரும்பாலும் குறைவான உணவாலும் மருந்தாலும் வந்தது என்றே நினைக்கிறேன். அப்படியானால் அது மீட்கக்கூடியது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சிறிய கிண்ணத்தில் நான்கு வாய் அளவு வைத்து, தானும் அருகில் அமர்ந்து தன்னுடையதை உண்ணட்டும். அவரும் சில வாரங்களாக ஒழுங்காக உண்டிருக்க மாட்டார் என்பது என் அனுபவத்தில் ஏறக்குறைய நிச்சயம். அப்பா மிச்சம் வைத்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கட்டும்.